இருப்புப் பதிவேடு

நாற்பத்தேழு புத்தகங்கள்.
அட்டையில் எண், உள்ளே வட்ட முத்திரை.
பச்சை பீரோவில், பாச்சை உருண்டையோடு.
சாவி என் சில்லறைப் பையில்.
பொறுப்பை ஒப்படைத்துப் போனவர் சொன்னார்:
"கொறஞ்சா கேப்பாங்க சார். கிழிஞ்சாலும் கேப்பாங்க.
படிச்சாங்களான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

ஒன்றரை வருடம்
ஒன்றும் குறையாமல் வைத்திருந்தேன்.

ஆலதொட்டி, அஞ்செட்டிக்கு மேலே, காட்டை ஒட்டி.
காலைப் பேருந்து வராத நாளில் பால் வண்டியில் ஏறி வருவேன்.
நான் அரூர்க்காரன்.
இங்கே பிள்ளைகளுக்கு வீட்டில் கன்னடம்.
வகுப்பு வாசலில் செருப்போடு சேர்த்து
அதையும் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள்.

மூன்றாம் வகுப்பு மாதேவி
யா என்பாள். னை என்பாள்.
இரண்டும் சரி.
இரண்டுக்கும் நடுவே எதுவும் நடந்து வராது.

ஒரு மழை நாள். ஆறே பேர்.
என்ன தோன்றியதோ, பீரோவைத் திறந்தேன்.
கை கழுவி வரச் சொன்னேன். கழுவினார்கள்.
துடைக்கச் சொல்ல மறந்துபோனேன்.

பசவண்ணா ஏழாம் எண்ணைத் தலைகீழாகப் பிடித்து
நரி கிணற்றில் விழுந்த கதையை முழுதாகச் சொன்னான்.
அதில் நரியும் இல்லை, கிணறும் இல்லை.
மாதேவி பதினெட்டாம் எண்ணை மடியில் விரித்தாள்.
யா.
னை.
படத்தைப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள்.
மறுபடி படத்தை.
"ஆனெ!" என்று கத்தி எழுந்து
இரண்டடி பின்னால் போனாள்.

அன்று மாலை பதினெட்டு பீரோவுக்குத் திரும்பவில்லை.
நானும் எதிலும் எழுதவில்லை.

ஒன்பது நாள் கழித்து வந்தது
புகை வாசத்தோடு,
நடு அட்டையில் களி உலர்ந்த ஒரு கட்டைவிரலோடு,
பதினொன்றும் பன்னிரண்டும் இல்லாமல்.

"ராத்திரி பரண் மேல அப்பாவுக்குப் படிச்சேன் சார்.
முழுசும். ரெண்டு தடவ.
கதையில ஆனெ காசு குடுத்துப் பழம் வாங்குது.
அப்பா நம்பல."

"அந்தத் தாள் எங்கே?"

கால் பெருவிரலால் தரையைச் சுரண்டினாள்.
"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

சாயங்காலம் கூட்டிப்போனாள்.
கேழ்வரகு கதிர் முற்றி விரல் மடக்கி நிற்கும் கொல்லை.
காட்டுப் பக்கத்து வேலியில்
ஒரு கருவேல முள்ளில் குத்தி நின்றது அரசாங்கத் தாள்.
யானைப் படத்துக்கு மேலே
கரித்துண்டால், பெரிதாக: பரபேடா.

வாசித்தேன். பர... பேடா.
பாலில் கிண்டுவார்களே, அந்தப் பேடாவா?

அவள் சிரித்த சிரிப்புக்கு
பரணிலிருந்து சிக்கமாதையன் எட்டிப் பார்த்தார்.
எழுத்துக்குக் கீழே விரல் வைத்து
நான் அவளுக்கு இழுத்துச் சொல்லும் அதே இழுப்பில்
எனக்குச் சொன்னாள்:
"ப... ர... பே... டா.
வராதேன்னு அர்த்தம் சார்.
அது பன்னர்கட்டாலேர்ந்து வர்ற ஆனெ.
தமிழ் தெரியாதில்ல?"

எழுத்து தமிழ்தானே என்று
நான் சொல்லவில்லை.

"வந்துச்சா?" என்று அவரைக் கேட்டேன்.
"வந்துச்சுங்க. கீழ்ப்பக்கமா வந்து
கால் பங்கு தின்னுட்டுப் போச்சு."
பீடியை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தப் பக்கம் எழுதி வெக்கல" என்றார்.
கேலியா, கவலையா, இருட்டில் முகம் தெரியவில்லை.

மறுநாள் பதிவேட்டைத் திறந்தேன்.
எண் பதினெட்டு. ஒரு தாள் குறைவு.
குறிப்பு என்ற கட்டத்தில்
வாசிப்பில் உள்ளது என்று எழுதினேன்.
ஐந்தும் இருபத்திரண்டும் முப்பத்தொன்றும்
இப்போது எந்த வீட்டில் என்று எனக்கே தெரியாது.

மாதேவி மேசையோரம் வந்து நிற்கிறாள்.
கீழ்ப்பக்கத்துக்கு ஒரு தாள் வேண்டுமாம்.
படமில்லாதது போதுமாம்.

பதிவேட்டின் பின்பகுதியைப் புரட்டுகிறேன்.
இருபது தாள்கள், கோடு மட்டும் போட்டு,
ஒரு எழுத்தும் விழாமல்.